கடலூர் மாநகராட்சி மேயர்

கடலூர் மாநகராட்சி மேயர் என்பவர் 45 வார்டுகள் கொண்ட அம்மாநகராட்சியின் மன்றத் தலைவர். நகரின் முதல் குடிமகன் என்ற மதிப்புக்குரியவர். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. கடலூர் நகராட்சியை மாநகராட்சியாக்கும் அறிவிப்பு 2021இல் வந்தது. தாம்பரம், காஞ்சிபுரம், கரூர், கும்பகோணம், சிவகாசி ஆகிய ஊர்களும் அப்போது கூடவே தரம் உயர்ந்தன. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கடலூர் மேயர் பதவிக்கு 2022 மார்ச் 4இல் தி.மு.க.வைச் சேர்ந்த சுந்தரி ராஜா தேர்வானார். பதவி புதியதுதான். ஆனால் மேயர் என்ற பதவி தமிழ்நாட்டில் நடந்து வந்த பாதையில் கடலூர் ஏற்கெனவே ஒருமுறை குறுக்கிட்டிருக்கிறது.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பெயரால் 1687 டிசம்பர் 30இல் வழங்கப்பட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள், அதாவது மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள். ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூத வணிகர் ஆகியோரோடு அழகாத்தாப் பிள்ளை போன்ற உள்ளூர்ப் பெருவணிகர்களும் அவர்களில் இருந்தனர். வரி வசூலும் நகரப் பணிகளும் இவர்கள் பொறுப்பு. அதைவிடப் பெரியது நீதி அதிகாரம். மேயரும் ஆல்டர்மேன்களும் நீதிமன்றமாக அமர்ந்து வழக்கு விசாரித்தார்கள். அபராதமும் சிறையும் விதிக்க முடிந்தது. தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பதில் சொல்லும் இன்றைய மேயரிடம் இல்லாத அதிகாரம் அது.

அப்போது மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேல்தான் 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலமும் அந்த விலைக்குள் அடக்கம். அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டப்பட்ட அந்த இடம், 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்ததும் கும்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடம் ஆயிற்று. 1752 வரை அப்படியே இருந்தது. மேயர் இருந்த நகரம் கைவிட்டுப் போக, ஆட்சி கடலூருக்கு வந்தது, மேயர் வரவில்லை. மதராஸ் மேயர் நீதிமன்றம் 1753 சாசனத்தால் மறுபடி உயிர்பெற்று, 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றத்துக்கு வழிவிட்டது. மேயரின் நீதித் தண்டம் அத்தோடு முடிந்தது. செவ்வங்கியும் வெள்ளிச் செங்கோலும் மட்டும் இன்றுவரை தொடர்கின்றன.

கடலூர் நகராட்சி அமைந்தது 1866இல். அதற்கு முந்தைய ஆண்டு வந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தின் விளைவு அது. இதே மாவட்டத்துச் சிதம்பரம் நகராட்சி 1873இல் பிறந்தது. தொடக்கத்தில் இம்மன்றங்களில் நியமன உறுப்பினர்களும் மாவட்ட அதிகாரிகளுமே கோலோச்சினர். வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானமும் 1884 மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தேர்தலுக்கு இடம் திறந்தன. 1920இன் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தபின் நகராட்சித் தலைவர் உண்மையிலேயே நிர்வாகி: கோப்பு, ஊழியர், ஒப்பந்தம் எல்லாம் அவர் கைக்குள். 1930களில் நகராட்சிகளுக்கு ஆணையர்களை நியமிக்கும் வழக்கம் வந்தது. நிர்வாகப் பேனா அவர்களிடம் போனது. அதை மக்கள் பிரதிநிதிகள் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

மதராஸிலும் நெடுங்காலம் பிரசிடெண்ட் என்றே வழங்கிய தலைமைப் பதவி 1933இல் மீண்டும் மேயர் ஆனது. அந்தப் புதிய வரிசையில் முதல் மேயர் ராஜா முத்தையா செட்டியார். 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் மகன். ஆணையர் நிர்வகிக்க, மன்றம் தீர்மானிக்க, மேயர் தலைமை தாங்கும் இந்த ஏற்பாடு 1888 பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் வார்ப்பு. கடல் தாண்டினால் காட்சி வேறு. இலங்கையின் மாநகர சபைச் சட்டப்படி மேயரே தலைமை நிர்வாகி, ஆணையாளர் அவருக்கு உதவியாளர். கொழும்பின் முதல் மேயராக 1937இல் அமர்ந்தவரும் ஒரு தமிழர்தான்: டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றுவதில் தமிழக அரசுகள் சளைக்கவில்லை. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் 1996இல் மக்களே நேரடியாக வாக்களித்தனர், சென்னையில் மு.க. ஸ்டாலின் அப்படி வென்ற முதல் மேயர். 2006இல் மறைமுகத் தேர்தல், 2011இல் மறுபடி நேரடித் தேர்தல். 2019 அவசரச் சட்டத்தால் திரும்பவும் மறைமுகம். 2016 அக்டோபரில் காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை வாக்குப்பதிவே நடக்கவில்லை; இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டனர். நகர்ப்புறத் தேர்தலே இல்லாமல் நகரம் நடக்கும் என்று அதிகாரிகள் கண்டுகொண்ட ஐந்தாண்டு அது. கடலூரில் 2022இல் தி.மு.க.வின் வேட்பாளரை எதிர்த்து அக்கட்சிக்குள்ளிருந்தே போட்டி எழுந்தது; உறுப்பினர்கள் மட்டும் வாக்களிக்கும் முறையில் மேயர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை அது வெளிச்சமாக்கியது. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் பதவி விலக நேர்ந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ள 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஒரே சட்டமாக இருக்கிறது. மன்றக் கூட்டத்தைக் கூட்டுவதும் நடத்துவதும் மேயரின் வேலை. வாக்குகள் சமமானால் முடிவு செய்யும் வாக்கும் அவருடையது. சொத்துவரி உயர்வு, வரவு செலவுத் திட்டம், பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் மன்றத்தின் தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும். தீர்மானத்தை நிறைவேற்றுவது ஆணையர். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை 18 பணிகளை நகர அமைப்புகளுக்குரியவை என்று வரிசைப்படுத்தினாலும், மின்சாரம் மின்வாரியத்திடம், முதன்மைச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம், புயல் வெள்ளம் வந்தால் தலைமைப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊரில், 2004 சுனாமியும் 2011 தானே புயலும் பார்த்த ஊரில், கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் அல்ல. மேயருக்கு மதிப்பூதியம் 2023 முதல் மாதம் 30,000 ரூபாய். துணை மேயருக்கு 15,000.

சிதம்பரத்துக்கு மேயர் இல்லை. 33 வார்டுகள் கொண்ட நகராட்சிக்கு நகர்மன்றத் தலைவர்தான். சட்டம் தரும் வேலை ஏறத்தாழ மேயருடையதே, அங்கியும் செங்கோலும் கிடையாது, மதிப்பூதியம் பாதி. அவருடைய எல்லையோ சிக்கலானது. ஆனியிலும் மார்கழியிலும் தேரோடும் நான்கு வீதிகளிலும் குப்பை அகற்றுவதும் குடிநீர் தருவதும் நகராட்சியின் பொறுப்பு. வீதிகளுக்கு நடுவே உள்ள நடராசர் கோயில் நிர்வாகம் அதன் அர்ச்சகர்களான பொது தீட்சிதர்களிடம். ரயில் பாதைக்குக் கிழக்கே பல்கலைக்கழகம் அமைந்த அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி; அதற்கென்று வேறொரு மன்றமும் தலைவரும் உண்டு.