அச்சகத்திற்கு இட்ட பூட்டு

எழுத்தை அடக்க எண்ணும் அரசு முதலில் எழுதுவோனையே தேடும் எனக் கருதுதல் இயல்பு. பிரிட்டிஷ் பேரரசின் சட்ட வரலாறோ வேறொன்றைக் காட்டுகின்றது. எழுதுவோனைத் தேடி அலைவதினும் அச்சடிப்போனைப் பிணித்தல் எளிது என்பதை அவ்வரசு படிப்படியாகக் கற்றுக்கொண்டது.

தொடக்க முறை வெளிப்படையானது. 1823இல் கல்கத்தாவில் ஜான் ஆடம் என்பார் இதழ்களுக்கு உரிமக் கட்டுப்பாடு விதித்தார். சிங்கப்பூர் அந்நாளில் இந்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தமையால் 'வாய்ப்பூட்டுச் சட்டம்' இங்கும் செல்லுபடியாயிற்று. 1824இல் தோன்றிய 'சிங்கப்பூர் குரோனிக்கல்' இதழ், அச்சேறுமுன் அதிகாரியின் பார்வைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1835இல் மெட்காஃப் அத்தளையை நீக்கினார். அவ்வாண்டே சிங்கப்பூரில் எழுந்த ஏடொன்று, 'ஃப்ரீ பிரஸ்' எனத் தன் பெயரிலேயே அவ்விடுதலையைப் பொறித்துக்கொண்டது.

ஆயின், தளை மீண்டும் வந்தது. வேறு உருவில் வந்தது. 1878இல் லிட்டன் பிரபு இயற்றிய சட்டம் இந்திய மொழி இதழ்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆங்கில ஏடுகளைத் தீண்டவில்லை. அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணைப்பத்திரம் கேட்க அதிகாரிக்கு உரிமை இருந்தது. நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. ரிப்பன் பிரபு காலத்தில், 1882இல் அச்சட்டம் நீங்கியது.

1908இல் சென்னையில் நிகழ்ந்தது நாம் அறிய வேண்டியது. 'இந்தியா' இதழில் எழுதியவர் பாரதியார். சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சீனிவாசன். அரசத் துரோகக் குற்றத்திற்கு ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவர் சீனிவாசனே. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைய அதற்குத் தடை விதிக்கப்பட்டதால் 1910இல் நின்றது.

அதே 1910இல் வந்த அச்சகச் சட்டம், புதிய அச்சகத்தாரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்டது. குற்றம் கண்டால் தொகை பறிபோகும். மீண்டும் கண்டால் அச்சுப்பொறியே பறிபோகும். சிறிய அச்சகத்தார்க்கு இது சிறையினும் கொடிது. தணிக்கை அதிகாரி ஒருவர் வந்து அமரத் தேவையில்லை. அச்சகத்தாரின் அச்சமே தணிக்கை அதிகாரியாயிற்று.

மலாயாவிலும் இப்பாடம் வேரூன்றியது. நீரிணைக் குடியேற்றங்களில் 1920இல் அச்சகம் வைத்திருக்க உரிமம் கட்டாயமாயிற்று. அவசரகாலம் பிறந்த 1948இல் கூட்டரசிலும் அச்சகச் சட்டம் வந்தது; உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. 1957இல் நாடு விடுதலை பெற்றது, சட்டம் நிலைத்தது. 1984இல் புதுச்சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோதும் ஆண்டு உரிமம் தொடர்ந்தது. 2012இல் செய்யப்பட்ட திருத்தமே ஆண்டுப் புதுப்பிப்பை நீக்கி, அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் வினவவும் வழி திறந்தது.

பெக்கோக் போன்ற ரயில்பாதை ஊர்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டுத் தமிழ் இதழ்கள் அறிவு பரப்பின. அவற்றில் இடம்பெறாது போனவை எவை என்பதைக் கேட்டோர் அறிய வழியில்லை. அடிக்கப்பட்ட வரிக்குத் தழும்பு இருக்கும். அஞ்சி எழுதாது விட்ட வரிக்குத் தழும்பும் இராது. ஆதலின், பழைய ஏடுகளைப் புரட்டும் மாணவர் அச்சேறியதைப் படிப்பதோடு அமையாது, அச்சேறாதது யாது, ஏன் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.