ஒளிந்திருப்பவனின் பெயர்

சிறு வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி வைத்துக் கரி மூட்டி, பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகை நவச்சாரம் தூவுவார். வெள்ளைப் புகை குபீரென்று கிளம்பும்; மூக்கு எரியும். அந்தப் புகையோடு ஒரு எகிப்தியக் கடவுளுக்குச் சம்பந்தமுண்டு என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. நவச்சாரம் என்ற சொல்லில் அவர் இல்லை. அது பாரசீகத்தோடு உறவுள்ள சொல். ஐரோப்பியர் அதே உப்பை ஸால் அம்மோனியாக் என்றார்கள். அமோனின் உப்பு.

எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் குறிப்பதில்லை. ஒரு நாணல் இலை, ஒரு ஆட்டப்பலகை, ஒரு நீரலை: இவ்வளவுதான் அந்தப் பெயர். அர்த்தம், மறைந்திருப்பவன். அதை எப்படி உச்சரித்தார்கள் என்பதை அயலார் காதால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளில் ‘அமான’. தெற்கே மெரோயெ அரசிகளின் பெயர்களில் ‘அமானி’: அமானிரேனாஸ், அமானிதோரே. ஹெரோடோட்டஸ் காதில் விழுந்தது ‘அமூன்’. பிற்கால காப்டிக் மொழியிலும் அதேதான். சுமார் ஆயிரம் வருஷ இடைவெளியில் ‘மா’ ‘மூ’வாகிவிட்டது. ஒரு மொழி தன் உயிரொலியை மாற்றிக்கொண்டதற்குத் தடயம் கடவுளின் பெயரில் கிடைக்கிறது.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்நாதென் இந்தப் பெயரோடு போர் தொடுத்தான். ஆள் வைத்துச் சுவர்களிலும் தூண்களிலும் செதுக்கியெடுக்கச் சொன்னான். தகப்பன் பெயர் அமென்ஹோதெப். அதற்குள்ளும் அமோன் இருந்ததால் உளி அங்கேயும் இறங்கியது. கர்னாக்கில் ஹத்ஷெப்சூத் நிறுத்திய கல்தூண்களின் உச்சி வரை சாரம் கட்டி ஏறியிருக்கிறார்கள். எழுத்தை அழித்தால் ஆள் செத்தான் என்று நம்பியவனுக்குத்தான் இந்தச் சிரத்தை வரும். அவனைவிடப் பெயரை நம்பிய பக்தன் யாரும் இருந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் போன பிறகு துட்டன்காட்டன் துட்டன்காமுன் ஆனான். பின்னால் வந்த அரசர்கள் அழித்த இடங்களில் திரும்பவும் செதுக்கினார்கள். அங்கே கல் சற்றுப் பள்ளமாக இருக்கும். மேலே சொன்ன ‘அமான’ பலகைகள் 1887இல் கிடைத்தது அக்நாதென் கட்டிய தலைநகரின் இடிபாடுகளில்.

கிரேக்கர்கள் ‘அம்மோன்’ என்று மகரத்தை இரட்டித்தார்கள். அவர்கள் மொழியில் அம்மோஸ் என்றால் மணல். சீவா பாலைவனச் சோலையில் இருந்தது அமோனின் குறிகேட்கும் கோயில். கி.மு. 331இல் அலெக்ஸாந்தர் அங்கே போனான். உப்பின் பெயருக்கும் பிளினி மணலைத்தான் காரணம் காட்டுகிறார். அவர் சொன்ன உப்பு பெரும்பாலும் சாதாரணக் கல்லுப்பு. பெயர் பிற்பாடுதான் நவச்சாரத்துக்குத் தாவியது. சொற்கள் வீடு மாறும்போது சாமான்களை விட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். 1774இல் ப்ரீஸ்ட்லி அதிலிருந்து வாயுவைப் பிரித்தார். 1782இல் ஸ்வீடன்காரர் பெர்க்மன் அதற்கு அம்மோனியா என்று பெயரிட்டார். நம் வயலில் விழும் அம்மோனியம் ஸல்ஃபேட் வரை அந்தப் பெயர் வந்துவிட்டது.

(பிரார்த்தனை முடிவில் வரும் ‘ஆமென்’ இவர்தான் என்று சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது ‘உறுதி’ என்ற பொருளுள்ள ஹீப்ரு வேரிலிருந்து வந்தது. ஓசை ஒற்றுமையை மட்டும் வைத்து வம்சாவளி எழுதும் வியாதி நம்மிடமும் நிறைய இருக்கிறது.)

அமோனுக்குச் செம்மறிக் கடாவின் சுருண்ட கொம்பு. அதே மாதிரிச் சுருண்ட கல் ஒன்றை ‘அமோனின் கொம்பு’ என்று பிளினி குறிப்பிடுகிறார். அம்மோனைட் என்னும் புதைபடிவம். கண்டகி நதியில் அதே இனத்துக் கல்லை எடுத்துச் சக்கரம் பார்த்து, சாளக்கிராமம் என்று பூஜையில் வைத்தார்கள் நம்மவர்கள். ஒரே நத்தைச் சுருளில் ஒருவனுக்குக் கொம்பு, இன்னொருவனுக்குச் சக்கரம்.

மூளையில் ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு வளைந்த பகுதி உண்டு. 18ஆம் நூற்றாண்டு உடற்கூறு அறிஞர்கள் அதன் வளைவைப் பார்த்து லத்தீனில் ‘கோர்னு அம்மோனிஸ்’ என்றார்கள். அதன் பிரிவுகளை இன்றும் ஸி.ஏ.1, ஸி.ஏ.2, ஸி.ஏ.3 என்று எழுதுகிறார்கள். ஏ என்பது அமோன்.