சின்னாற்றங்கரையில் இரண்டு துப்பாக்கிகள்

சென்ற வாரம் தகடூர்ச் சீமையின் நடுகற்களைப் பார்த்தோம். புலியோடும் பன்றியோடும் மோதிச் செத்தவனுக்கு ஊரே கல் நட்டது. இந்த வாரம் கதை இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. இதில் வேட்டைக்காரர் இருவர். ஒருவர் கையில் அரசாங்க உரிமம் இருந்தது, மற்றவரிடம் இல்லை.

உரிமம் வைத்திருந்தவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஸ்காட்லாந்து வம்சாவளி, பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை, தமிழும் கன்னடமும் பேசுவார். விடுமுறை கிடைத்தால் போதும், பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் வந்துவிடுவார். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் வேட்டைப் புத்தகத்திலேயே பைரா என்ற பூசாரிக்குத் தனி அத்தியாயம் உண்டு. உரிமம் இல்லாத அந்த மற்றவர் இந்தப் பைராதான்.

சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேரும் ஆறு. ஆறு என்று பெயர்தானே தவிர, கோடையில் வெறும் மணல். மணலை முழங்கை ஆழம் தோண்டினால் முதலில் கலங்கல் ஊறும். அதை இறைத்துவிட்டால் தெளிந்த தண்ணீர். நானும் குடித்திருக்கிறேன், லேசாக மண்வாடை அடிக்கும். மனிதன் தோண்டிய ஊற்றுக்கு ராத்திரியில் மானும் வரும். அப்படி வரும் மானுக்காக நாட்டுத் துப்பாக்கியோடு கரையோரக் குழியில் பதுங்கிக் கிடந்த பைராவைத்தான் ஆண்டர்சன் முதலில் கண்டார். ஆற்றங்கரையைக் குடைந்த பொந்துதான் பைராவுக்கு வீடு. மனைவி மக்களோடு அதற்குள்தான் குடித்தனம்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காப்புக்காட்டில் உரிமம் இல்லாமல் சுடுவது குற்றம். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் பிழைத்தவன் ஒரே நாளில் திருடனானான். பணம் கட்டிச் சீட்டு வாங்கிய வெளியூர் துரை ‘ஷிகாரி’ ஆனார். எனக்கு இது அந்தக் காலத்து வேடிக்கைகளில் ஒன்றாகவே படுகிறது. ஆண்டர்சன் பைராவைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிநேகம் பிடித்துக்கொண்டார். பின்னாளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோதெல்லாம் முன்னால் தடம் பார்த்து நடந்தவர்களில் பைரா ஒருவர். பென்னாகரத்தில் வண்டியோட்டியாக இருந்த ரங்கா இன்னொருவர். காடு பைராவிடமிருந்துதான் தனக்குப் பிடிபட்டது என்பதை ஆண்டர்சன் மறைக்கவில்லை. அந்த மட்டில் அவர் நேர்மையானவர்.

புலிக்கும் யானைக்கும் கிடைத்த புகழ் இந்தக் காட்டின் இன்னொரு பிராணிக்குக் கிடைக்கவில்லை. நாற்கொம்பு மான். புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து, கிளைவிட்ட புதுக் கொம்பு முளைக்க விடும். இரலைக்கும் நாற்கொம்பு மானுக்கும் ஒருமுறை முளைத்ததுதான், சாகும்வரை நிற்கும். இங்கிலீஷில் இரு வகைக்கும் தனிப் பெயர் உண்டு. நமக்கு எல்லாம் மான்தான். நாற்கொம்பு மானின் கிடாவுக்கு மட்டும் காதருகே இரண்டு, நெற்றியில் கட்டைவிரல் போல இரண்டு. கூட்டம் சேராது. ஒன்றாகவோ இரண்டாகவோ புல்லுக்குள் படுத்திருக்கும். காலடிக்குக் கிட்டே வந்த பிறகுதான் விருட்டென்று பாயும். ஆப்பிரிக்காவில், நீண்ட குளம்பால் சதுப்பில் அமிழாமல் நடக்கும் சிதாதுங்கா மானைத் தேடி வேட்டைக்காரர்கள் சேற்றில் உழன்றது போல, இதைத் தேடியவர்களும் கரட்டுக்காட்டில் முட்கீறல்களோடு திரும்பினார்கள். ஆனால் தடம் தெரிந்தவனுக்கு ஒரு சூட்சுமம் உண்டு: நாற்கொம்பு மான் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். பழையது வெளுத்துக் கிடக்க, மேலே கறுப்பாய்ப் பளபளவென்று புதியது இருந்தால், ஆள் பக்கத்தில்தான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாற்கொம்பு மான் அதன் முதல் அட்டவணையில் ஏறியது. உரிமம் வாங்கியும் இனிச் சுட முடியாது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, காரணம் காட்டிய பிராணிகளின் பட்டியலில் சதுப்புநில முதலை, நீர்நாய் இவற்றோடு நாற்கொம்பு மானும் இருந்தது.