ஹிரோஷிகேயின் மழை

இன்று டோக்கியோ என வழங்கும் நகரம் ஈடோ என்ற பெயருடன் ஷோகன்களின் ஆட்சிபீடமாக விளங்கிய காலத்தில், தீயணைப்புக் காவலை வம்ச உத்தியோகமாகக் கொண்ட குடும்பமொன்றில் 1797-இல் பிறந்து, 12 வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, தந்தையின் பதவியை அந்த இளம் பிராயத்திலேயே ஏற்க நேர்ந்தவர் ஹிரோஷிகே. காவல் பணியை விட்டுவிடாமலே உதகாவா டோயோஹிரோ என்ற சித்திராசாரியரிடம் சிட்சை பெற்றார்.

ஈடோவையும், சக்கரவர்த்தி வாசம் செய்த கியோட்டோவையும் இணைத்த தோக்கைதோ பெருவழியின் 53 தங்குமிடங்களையும் இரு முனைகளையும் விஷயமாகக் கொண்டு, 1833-ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய 55 அச்சுச் சித்திரங்களே அவருக்குப் பெரும் கீர்த்தியைத் தேடித் தந்தன. காற்றில் உருண்டோடும் தொப்பியைத் துரத்தும் வழிப்போக்கன் அவற்றில் ஒன்றில் வருகிறான். பனி விழுவது அபூர்வமான கான்பாரா என்னும் கடலோரத்து ஊரையோ, அவர் பனி மூடிய இரவாகவே காட்டிவிட்டார். இதைப் பிழையென்பார் உண்டு. இராத்தங்கலுக்காக அந்நிய ஊருக்குள் நுழைகிறவன் உணரும் தனிமையை இதைவிட உண்மையாகச் சொல்லிய படத்தை நான் கண்டதில்லை.

தூரிகையால் பட்டில் தீட்டிய ஓவியங்களும் அவருக்கு உண்டு. ஆயினும் அவருடைய ஊர்கள் முழு ஜீவனோடு விளங்குவது அச்சில்தான். அவர் மெல்லிய தாளில் வரைந்ததைச் செர்ரி மரப்பலகையின்மேல் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக நிறுத்திச் செதுக்குவார் மரச்சிற்பி. மூலச் சித்திரம் அந்த உளிமுனையிலேயே அழிந்துபோகும். பிறகு வர்ணந்தோறும் தனித்தனிப் பலகை. ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலத்தைப் பலகையில் பூசி, ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்து மங்கச் செய்து, தாளைப் பரப்பி, மூங்கில் மடல் போர்த்த வட்டக் கருவியால் தேய்த்தெடுப்பார் அச்சிடுபவர். வானத்தின் உச்சியில் கருநீலமாகத் தொடங்கி அடிவானத்தில் வெளுத்துக் கரையும் அந்த நிறம் இவ்வாறு பிறந்ததே.

1855-இல் பெரும் பூகம்பம் ஈடோவைச் சிதைத்தது. மறு வருஷமே, பிறந்து வளர்ந்த அந்நகரத்தின் காட்சிகளை வரிசையாக வெளியிட முற்பட்டார் ஹிரோஷிகே. அவ்வரிசையில் 1857-இல் வந்த ஓஹாஷி பாலத்துத் திடீர் மழைப் படத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். பாலத்தின்மேல் குடைக்குள் ஒடுங்கியவர்களும், பாயைத் தலையில் கவிழ்த்தவர்களும் விரைகிறார்கள். கீழே ஒருவன் கட்டுமரம் போன்ற மிதவையைக் கோலூன்றிச் செலுத்துகிறான். மயிரிழை போன்ற மழைக்கோடுகள் ஒரே சாய்வில் விழவில்லை. சற்றே மாறுபட்ட இரு கோணங்களில் இரண்டு பலகைகளால் பதிக்கப்பட்டு, ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் மரத்தைக் குடைந்தெடுத்த கைகளின் பொறுமையை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

1858-இல், காலரா பரவிய பருவத்தில், ஹிரோஷிகே காலமானார். 1887-இல் பாரிஸ் நகரத்தில் வான் கோ இதே படத்தைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். பக்தியோடு செய்த பிரதிதான். ஆற்றுநீரும் அதில் குமுறுகிறது. ஆனால் மழை அங்கே தூரிகைத் தடமாகத் தடித்துவிட்டது. ஈடோவின் மழைக்கு அந்தக் கூர்மையைக் கொடுத்த உளி பாரிஸில் இல்லை.