கிலாவேயா: எரிமலையைக் காணச் சென்றவர்களின் வரலாறு

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவில், தென்கிழக்குப் பகுதியில் அமைந்திருக்கிறது கிலாவேயா எரிமலை. அதன் உயரம் 1,247 மீட்டர்தான். அருகிலுள்ள மௌனா லோவா 4,169 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கிலாவேயாவின் உச்சி கூர்மையானதல்ல. நிலம் உள்வாங்கியதால் உண்டான அகன்ற பெரும்பள்ளம் அங்கே இருக்கிறது. அதற்குள் ஹலேமாவுமாவு என்னும் எரிவாய் உள்ளது. இந்த இரு மலைகளையும் உள்ளடக்கியதே ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா. அங்கு செல்வோர் நெருப்பை எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை ஒவ்வொரு காலத்திலும் எரிமலையே முடிவு செய்திருக்கிறது.

ஹவாய் மக்களுக்கு ஹலேமாவுமாவு, எரிமலைத் தெய்வமான பெலேயின் வீடு. அங்கே போவது வழிபாடு. அதற்கு முறைகள் உண்டு. பள்ளத்தின் விளிம்பில் விளையும் ஓஹெலோ பழத்தை முதலில் பெலேக்குப் படைத்த பிறகே உண்ண வேண்டும். பெலே மீதான அச்சம் வீணானதல்ல. 1790இல் நேர்ந்த வெடிப்பில், அவ்வழியே சென்ற கெயோவுவா என்ற குறுநிலத் தலைவரின் படையில் ஒரு பிரிவு மாண்டது. எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய பழங்காலக் காலடித் தடங்களைக் காவு பாலைநிலத்தில் இன்றும் காணலாம்.

1823இல் வில்லியம் எல்லிஸ் என்ற ஆங்கிலேய மதபோதகர் தம் குழுவினருடன் அங்கே வந்தார். பசியோடிருந்த அவர்கள் படையல் இடாமல் பழங்களைத் தின்றதைக் கண்டு வழிகாட்டிகள் பதறினர். மறு ஆண்டே, கிறித்துவத்தைத் தழுவியிருந்த கபியோலானி என்ற குலத்தலைவி கோனா கரையிலிருந்து நடந்தே வந்து, பெலேயின் தடையை மீறிப் பள்ளத்துக்குள் இறங்கினார். தீங்கின்றி அவர் திரும்பியது புதிய சமயத்தின் பரவலுக்குத் துணையானது. ஆயினும் பெலே மீதான பற்று மக்களிடம் அழிந்துவிடவில்லை. இன்றும் விளிம்பில் நின்று பாடி வணங்குவோர் உண்டு.

எல்லிஸின் பயண நூல் வெளிவந்தபின் அயல்நாட்டார் வருகை பெருகியது. 1846இல் பெஞ்சமின் பிட்மன் என்ற வணிகர் விளிம்பருகே புல் வேய்ந்த குடிசை ஒன்றைக் கட்டி, அதற்கு வால்கனோ ஹவுஸ் என்று பெயரிட்டார். ஹீலோ துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தைப் பயணிகள் குதிரையில் கடந்து வந்தனர். 1866இல் எழுத்தாளர் மார்க் ட்வைன் வந்தார்; 1873இல் இசபெல்லா பேர்ட் வந்தார். 1877இல் விடுதிக்கு மரக்கட்டடம் எழுந்தது. அதன் கணப்பில் குளிர்காய்ந்த விருந்தினர் முன்னிரவில் விளிம்புக்குப் போய்ச் சிவந்த ஒளியைப் பார்த்தனர். பகலில் வழிகாட்டியோடு பள்ளத்துக்குள் இறங்கி, கெட்டிப்பட்ட கரும்பாறை மீது நடந்து, பிளவுகளின் வெப்பத்தில் அஞ்சலட்டைகளின் ஓரத்தைக் கருக்கி நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றனர்.

அந்த விடுதியில் 1865 முதல் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. வந்தவர்கள் பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எரிமலைக் குழம்பின் மட்டம் ஏறியதா, இறங்கியதா, எந்தப் பக்கம் புகை எழுந்தது என்பதையெல்லாம் எழுதி, படமும் வரைந்து வைத்தனர். முறையான ஆய்வு தொடங்காத அந்தக் காலத்து எரிமலை நடவடிக்கையை அறிய, இக்குறிப்புகள் பிற்கால ஆய்வாளர்களுக்கு மிகவும் உதவின. வேடிக்கை பார்க்க வந்தவர்களே இப்படி அறிவியலுக்குப் பெருந்தொண்டு செய்தார்கள்.

1911இல் ஆய்வாளர்கள் எரிவாய்க்கு மேலே கம்பிவடம் கட்டி, வெப்பமானியைக் குழம்புக்குள் இறக்கினர். வெப்பநிலை ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் எனத் தெரிந்தது. 1912இல் நிலவியலாளர் தாமஸ் ஜாகர் விளிம்பிலேயே நிரந்தர ஆய்வகத்தை நிறுவினார். அவரும், பத்திரிகை உரிமையாளர் லோரின் தர்ஸ்டனும் பூங்காவுக்காக வாதாடினர். 1916 ஆகஸ்ட் 1ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. முதலில் அதில் சேர்ந்திருந்த மாவி தீவின் ஹலேயகலா மலை 1961இல் தனிப் பூங்காவாகப் பிரிந்தது. 1987இல் யுனெஸ்கோ ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவை உலக மரபிடமாக அறிவித்தது.

பூங்கா அமைந்த பின் எரிமலை தன் எல்லையை இருமுறை வன்மையாக உணர்த்தியது. 1924 பிப்ரவரியில் குழம்பு ஏரி வடிந்து மறைந்தது. மே மாதம், நிலத்தடி நீரும் வெப்பப் பாறையும் சந்தித்ததால் எழுந்த நீராவி வெடிப்புகள் பல டன் எடையுள்ள பாறைகளை வீசின. படம் எடுக்க நெருங்கிய ஒருவர் உயிரிழந்தார். எரிவாய் ஏறக்குறைய இருமடங்கு அகன்றது. அடுத்தது 2018. நிலத்தடிக் குழம்பு கிழக்கு நோக்கி வெளியேறி 700க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஆதாரம் இழந்த உச்சி சரிந்து, ஹலேமாவுமாவு சுமார் 500 மீட்டர் ஆழமானது. பூங்காவின் பெரும்பகுதி நான்கு மாதங்களுக்கும் மேலாக மூடப்பட்டது. விளிம்பிலிருந்த ஜாகர் அருங்காட்சியகம் சிதைந்து, மீண்டும் திறக்கப்படவேயில்லை.

2024 டிசம்பரில் தொடங்கிய வெடிப்பில், இடைவெளி விட்டு எழும் குழம்புப் பீச்சல்கள் சில வேளை 300 மீட்டரையும் தாண்டின. இன்று அவற்றைக் காண வருவோருக்கு, ஆய்வகத்தார் தரும் நிலநடுக்க, வாயு அளவுகளைக் கொண்டு பார்வை இடங்கள் திறக்கப்படுகின்றன, மூடப்படுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த மரியாதை இன்று பாதுகாப்பு விதியாகத் தொடர்கிறது.