மீன் கண்ணில் தெரிந்த மேற்கு

சென்ற மாதம் ஆடலூருக்கு வந்த மருமகன், காப்பிச் செடிகளுக்கு நடுவே கேமராவை மல்லாத்தி வைத்து ஒரு படம் எடுத்தார். வட்டத் தட்டு மாதிரி இருந்தது படம். ஓரமெல்லாம் மரங்கள், நடுவில் வானம். மீன்கண் ஜூம் லென்ஸாம். விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். அதன் கதையைப் படித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது.

ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மீனுக்கு மேலுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி கூம்புக்குள் சுருங்கித் தெரியும். 1906இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், தண்ணீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமராவில் அந்தப் பார்வையைப் படமாக்கி, 'மீன்கண்' என்று பெயர் வைத்தார். 1924இல் இங்கிலாந்தில் ராபின் ஹில், மேகங்களைப் படமெடுக்க முழு வானத்தையும் அடக்கும் லென்ஸை வடிவமைத்தார். 1950களின் இறுதியில் அதையே மரத்தடியில் வைத்து, காட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்று கணக்கிட்டார்கள்.

எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு வந்தபோது ஒரு வேடிக்கை. 1962இல் வந்த 8 மி.மீ. நிக்கோர் லென்ஸின் பின்பாகம் கேமராவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் அதை மாட்ட வேண்டும். லென்ஸ் வழியே பார்ப்பதற்கென்றே பிறந்த கேமராவில் லென்ஸ் வழியே பார்க்க முடியாது!

ஜூம் பிற்பாடு வந்தது. 1990களில் பென்டாக்ஸ் 17-28 மி.மீ. லென்ஸ்: 17இல் மூலைக்கு மூலை 180 டிகிரி, 28 நோக்கித் திருப்பினால் பார்வை குறுகும். 2010இல் கேனன் அறிவித்த 8-15 மி.மீ. லென்ஸ்தான் மருமகனிடம் இருப்பது. முழு அளவு சென்சாரில் 8இல் முழு வட்டம். 15இல் சட்டம் நிறைந்த படம். முன்பு இதற்கு இரண்டு லென்ஸ் வாங்க வேண்டும். சட்டத்தை நிரப்பினால் வானத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். நிழலை அளக்க வட்டம்தான் வேண்டும்.

அந்த வட்டத்தில் மேற்குப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெளிச்சம் வேண்டுமென்று அங்கே கிளைகளைக் கழிக்கச் சொன்னவன் நான்தான். சாயங்கால வெயிலில் செடிகள் கருகியதற்கு மழையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மேற்கே கை வைக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே ஐயா" என்றார்.

இந்த மழைக்கு அங்கே கல்யாண முருங்கைப் போத்து நடுகிறோம். இடம் அவரே காட்டுவார்.