சொரியாசிஸ் ஒளி சிகிச்சை: சிவகாசி வெயிலில் நின்றால் போதாதா?

"வெயிலுக்கா பஞ்சம்? அதுல கொஞ்ச நேரம் நின்னா சரியாகாதா?" சொரியாசிஸுக்கு ஒளி சிகிச்சை என்றதும் சிவகாசி பக்கம் எழக்கூடிய கேள்வி இது. நியாயமானதுதான். சிகிச்சையில் வேலை செய்வதும் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான். ஆனால் வெயிலுக்கு அளவு கிடையாது. மணிக்கு மணி மாறும், தோலைச் சுட்டுவிடும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, சுட்ட இடத்திலும் உரசிய இடத்திலும் புதிய படை கிளம்பலாம்.

இன்று பலருக்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது 'நேரோ பேண்ட் யுவிபி'. 311 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களை மட்டும் தரும் விளக்கு இது. மாத்திரை வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் தரலாம். வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். ஆனால் 20, 30 முறை போக வேண்டும்.

1974-ல் பிரபலமான 'பூவா' முறையில் சோராலென் மாத்திரை போட்டு, சுமார் 2 மணி நேரம் கழித்து யுவிஏ கதிர் காட்டுவார்கள். (சித்த மருத்துவத்தின் கார்போகரிசியில் இருப்பதும் இந்த சோராலென்தான்.) கதிர் ஆழமாக இறங்கும் என்பதால் தடித்த படைகளுக்கு நல்ல பலன் உண்டு. குமட்டல் வரலாம், பல ஆண்டுகள் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

பட்டாசுத் தொழிலாளர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். மாத்திரை போட்ட நாள் முழுக்க வெயில் படக் கூடாது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். திறந்தவெளியில் பட்டாசு காயவைக்கும் வேலையில் இருப்பவருக்கு இது நடக்கிற காரியமா? என்ன வேலை பார்க்கிறோம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளங்கை, பாதத்தில் மட்டும் படை இருந்தால், மாத்திரைக்குப் பதிலாக மருந்துக் கரைசலில் கைகால்களை நனைத்தும் கதிர் காட்டலாம்.

முழங்கை, முழங்கால் என ஓரிரு இடம் மட்டும் என்றால் 308 நானோமீட்டர் எக்சைமர் லேசர் இருக்கிறது. படையில் மட்டும் கதிர் படும். குறைந்த தடவையிலேயே பலன் தெரியும். செலவு அதிகம். உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்குச் சரிவராது.

எந்த முறையானாலும் நிரந்தரத் தீர்வு இல்லை. நோய் அடங்கும், திரும்பவும் வரலாம். பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பஸ் செலவும் போகிற நாள் கூலியும்தான். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ எந்த வசதி இருக்கிறது, எந்தெந்த நாளில் என்று விசாரித்துவிட்டுத் தொடங்கினால் அலைச்சல் மிச்சம்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவியும் உண்டு. அமெரிக்காவில் 783 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், 12 வார முடிவில் வீட்டு சிகிச்சை மருத்துவமனை சிகிச்சைக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. டாக்டர் அளவு குறித்துக் கொடுத்தால் மட்டுமே இது சரி. கொரோனா காலத்தில் கிருமி நீக்க வாங்கிய யுவிசி விளக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தோலையும் கண்ணையும் அது சுட்டுவிடும்.